இன்சொல்லி

தொண்டைக்குழியில் ஒட்டியிருந்த இன்சொல்லியைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் ரோச்சுக்கு மூச்சு வந்தது. கடற்கரைச் சாலை டீக்கடை பெஞ்சில் மைமூன் ஏற்கெனவே வடையோடு உட்கார்ந்திருந்தாள். கடல்நீரைக் குடிநீராக்கும் தூத்துக்குடி ஆலையில் இருவருக்கும் ஒரே ஷிப்டு.

"இந்த ஞாயித்துக்கிழமையும் எனக்கு வேலை போட்டுட்டாவ, மைமூன். ஃபுட்பால் ஃபைனல் அன்னிக்கு!"

"லீவு கேக்கப் போறேன்னியே?"

"கேக்கதாவது, கத்தினேன். 'மூணு ஞாயித்தைத் தின்னுட்டீங்க, மனசாட்சியே கிடையாதா'ன்னு."

"வெளிய என்ன வந்துச்சு?"

"'ஞாயிற்றுக்கிழமைப் பணி எனக்குப் பெரும் உற்சாகம் தருகிறது, மேடம்.'"

மைமூனுக்குப் புரையேறியது.

வேலையிடங்களில் இன்சொல்லி கட்டாயமாகி ஓராண்டாகிறது. கடுஞ்சொல் தொண்டையில் அதிரும்போதே அதைப் பிடித்து, பேசுபவரின் குரலிலேயே இனிப்பாக்கி வெளியே விடும் கருவி அது. எழுதும் கடிதங்களையும் ஆலைக் கணினி அப்படியே இனிப்பாக்கிவிடும். ஆலையில் சண்டை ஒழிந்தது. இன்சொல்லி இல்லாமல் வேலையைப் பற்றிப் பேசினால் சீட்டு கிழியும். அதனாலேயே இந்த டீக்கடை அவ்வளவு ருசித்தது.

"நாகர்கோவில்காரன் நம்ம முத்துநகர் அணியைச் சும்மா விடமாட்டான்" என்றாள் மைமூன். "நம்ம கோல்கீப்பர் பந்து வந்தா கும்பிடுதான்."

"கும்பிட்டாலும் நேர்ல பாக்கணும்லா? அந்தப் பொன்செல்வி மேடத்துக்குப் பந்துன்னா என்னன்னு தெரியுமா? கல்நெஞ்சு!"

"வேற என்னல்லாம்?" என்றது பின்னால் ஒரு குரல்.

மேலாளர் பொன்செல்வி டீ கிளாசோடு நின்றிருந்தார். ரோச்சின் கை சட்டைப்பைக்குப் போனது. வேலை போச்சு என்றே நினைத்தான். ஆனால் மேடத்தின் தொண்டையும் வெறுமையாகத்தான் இருந்தது.

"மூணு வாரமா உற்சாகம் உற்சாகம்னியே! ஆசைப்படுதான்னுதானய்யா உனக்கே கொடுத்தேன்."

"ஐயோ மேடம்! அது திட்டு!"

பொன்செல்வி வாய்விட்டுச் சிரித்து, பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தார். "நானும் தலைமையகத்துல ஆள் பத்தாது, ஞாயிறு ஓட்ட முடியாதுன்னு கத்துதேன். 'இன்னும் பணி தாருங்கள்'னு போவுது. அங்க உள்ள அதிகாரியும் தாரான்."

சட்டென்று போனை எடுத்துத் தலைமையகத்து அதிகாரியைக் கூப்பிட்டார்.

"மேடம், வேண்டாம்!" என்றான் ரோச்.

"இருலே." அதற்குப்பின் பொன்செல்வி பேசிய தமிழைக் கேட்டு டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

மறுமுனையிலிருந்து குழைந்த குரல்: "தங்கள் மனந்திறந்த பேச்சுக்கு நெஞ்சார்ந்த நன்றி. ஞாயிறு விடுமுறை இனிதே அமையட்டும்."

"அவர் இன்சொல்லி போட்டிருக்காரு!" என்று கிசுகிசுத்தாள் மைமூன்.

"சார், நெசமாச் சொல்லுதியளா, திட்டுதியளா?" என்று கேட்டார் பொன்செல்வி.

"தங்கள் அக்கறை என்னை நெகிழ வைக்கிறது" என்றது போன். இணைப்பு அறுந்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அடுத்த நொடி பெஞ்சே குலுங்கியது.

"திங்கக்கிழமை நமக்கு வேலை இருக்குமா மேடம்?" என்றான் ரோச், கண்ணைத் துடைத்தபடி.

"தெரியலையே மக்கா. ஆனா ஞாயித்துக்கிழமை லீவு. அவர் வாயாலயே சொல்லிட்டார்லா!"