படத்தில் விழுந்த கை

மத்தியானம் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தபோது வழக்கமான மருந்து வாடைதான் அடித்தது. நான் அங்கே நர்ஸ். மேசையில் கிடந்தது என் தம்பி. பைக் கவிழ்ந்து, கழுத்தடியில் காறை எலும்பு முறிந்திருந்தது. பின்னால் உட்கார்ந்து வந்த அவன் மனைவி ரோட்டிலேயே போய்விட்டாள். அவனுக்கு அது தெரியாது.

"அவ எப்படிக்கா இருக்கா?"

"பொம்பளைங்க வார்டுல இருக்கா. நீ முதல்ல எழுந்து வா."

ஆபரேஷன் முடியும்வரை சொல்ல வேண்டாமென்று வீட்டில் முடிவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"பயப்படாதேப்பா," என்றார் டாக்டர். "சின்னதா ஒரு கீறல், எலும்புக்குள்ள ஒரு கம்பி. தழும்புகூடத் தெரியாது."

மயக்க மருந்து ஏறியது.

சின்னக் கீறல் வழியே உள்ளே ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே திரையைப் பார்த்துத்தான் கம்பியை நகர்த்த வேண்டும். யார் கையாவது குறுக்கே வந்தால் அதுவும் படத்தில் விழும். டாக்டர் வள்ளென்று விழுவார்.

"கையை எடும்மா. படத்துல விழுது."

என் கைகள் கருவித் தட்டின் மேல் இருந்தன.

"எடுன்னு சொல்றேன்ல!"

"நான் வைக்கல டாக்டர்."

அவர் தன் கைகளையும் விலக்கிக்கொண்டு மறுபடி படம் எடுத்தார்.

நான்கு விரல் எலும்புகள் பின்னாலிருந்து தோளைப் பிடித்திருந்தன.

ஒன்றில் மோதிரம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

அந்த மோதிரத்தைப் பிணவறையில் கையெழுத்துப் போட்டு வாங்கியவளே நான்தான். அது வீட்டு பீரோவில் இருந்தது.

"மெஷின் கோளாறு," என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல். கம்பியை ஏற்றித் தையல் போட்டு முடித்தார்.

வார்டில் தம்பி கண் விழித்தபோது நான் கால்மாட்டில் நின்றேன்.

"ஏங்க்கா பொய் சொன்னே? அவ என் பின்னாலதானே இருக்கா." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "வண்டி நின்னுடுச்சு, இறங்கச் சொல்லுக்கா. தோள் வலிக்குது."

"அவ போயிட்டாடா தம்பி," என்று கதறிவிட்டேன்.

அவன் அழவில்லை. மெதுவாகத் தோளைத் திரும்பிப் பார்த்தான்.

"சத்தமா சொல்லாதேக்கா. அவளுக்குத் தெரியாது."

தையல் பிரிக்கிற அன்று மறுபடி படம் எடுத்தார்கள். எலும்பு நேராக இருந்தது. தோளில் விரல்கள் இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது, போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் படத்தைச் சற்று மேலே நகர்த்தினார்.

கழுத்தில் இரண்டு கைகளும் இருந்தன.