வேட்கைமானி

செவ்வாய்க் குடியிருப்பில் காலைச் சங்கு ஊதியதும், சிகரெட்டை விட முடியாத இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து தலையில் காந்தத் தொப்பியை மாட்டிக்கொள்வார்கள். கத்தியில்லை, ஊசியில்லை. மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்பு உள்ளே போய், அப்போது எந்த ஆசை கொழுந்துவிட்டு எரிகிறதோ அதைத் தணிக்கும். இருபது நிமிஷம். சம்பளப் பிடித்தம் கிடையாது.

குமணன் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அவன் மனைவி பூவிழிதான் சுரங்கத் தளத்தில் அதைப் பழகிக்கொண்டவள். அவளுக்குப் பகல் வேலை, இவனுக்கு இரவு வேலை. இருவருக்கும் ஒரே கட்டில். அவள் எழுந்து போன சூடு ஆறுமுன் இவன் வந்து படுப்பான். நேருக்கு நேர் பார்த்து நான்கு மாதம் ஆயிற்று. வேலை நேரத்தை மாற்ற இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். அதுவரை தாங்காது என்று நினைத்தான். தொப்பி அறையில் இடம் கிடைத்தால் தினமும் அவள் பக்கத்தில் உட்காரலாம்.

ஆனால் அங்கே சேர வேட்கைமானியை ஏமாற்ற வேண்டும். சிகரெட் படத்தைக் காட்டுவார்கள். மூளையில் ஆசை எழுந்தால் முள் நகரும். நம் ஆட்களுக்குச் சலுகை என்றால் வழியா கிடைக்காது? குமணன் படத்தைப் பார்த்தபடி பூவிழியை நினைத்தான். முள் கடைசிக் கோட்டில் போய் இடித்தது.

"சார், பாக்கெட் பாக்கெட்டா ஊதுவீங்க போல!" என்றார் தொப்பி மாட்டும் இர்ஃபான்.

முதல் நாள் இருவரும் பிடித்த கையை விடவேயில்லை.

"பொய் சொல்லி வந்திருக்கீங்களே, மாட்டிக்கிட்டா?" என்றாள் பூவிழி.

"அதான் மாட்டியாச்சே" என்று தொப்பியைத் தட்டிக் காட்டினான்.

நான்காம் நாள் மூக்கைச் சொறியக் கையை எடுத்தவன், திரும்பப் பிடிக்க மறந்துவிட்டான். ஏழாம் நாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தான்.

பத்தாம் நாள் மறுபடி சோதனை. வழக்கம்போல அவளை நினைத்தான். முள் அசையவில்லை.

"மேடம், உங்க வீட்டுக்காரருக்குப் பூரண குணம்! இனிமே வர வேண்டாம்" என்றார் இர்ஃபான்.

"அப்ப நான் கெளம்பறேன். நீ சாப்பிட்டியா?" என்று கேட்ட குமணன், பதிலுக்கு நிற்காமல் தூங்கப் போனான்.

சிகரெட்டையே தொடாதவனிடம் தணிந்தது எது என்று பூவிழிக்கு மட்டும்தான் தெரியும்.

"பத்தே நாள், மேடம். நம்ம மெஷின் அவ்வளவு வேகம்!"

"வேகம்தான்" என்றாள். "பூமியில எங்கப்பாவுக்கு இப்படி ஆகப் பத்து வருஷம் பிடிச்சுது. தொப்பியெல்லாம் ஒண்ணும் மாட்டல. அம்மாகூட ஒரே வீட்டுல இருந்தார், அவ்வளவுதான்."