பூட்டிய அலமாரியில் ஒரு ரெகுலேட்டர்

காலை ஏழு பத்து.

பயூமி ரெகுலேட்டரை சிலிண்டரில் மாட்டி வால்வைத் திறந்தார். கடலுக்கடியில் முக்குளிப்பவன் வாயில் வைத்து இழுத்தால் மட்டுமே காற்றைத் தரவேண்டிய சாமான் அது. யாரும் வாய் வைக்காமலே காற்று சீறிக்கொண்டு கொட்டியது. மூடினார். திறந்தார். மறுபடியும் அதே சீற்றம்.

"தௌஹீதா! இங்க ஓடி வா! எவனோ கெடுத்துட்டான்!"

அடுப்பில் அவரையை மசித்துக்கொண்டிருந்த தௌஹீதா கரண்டியோடு வந்தாள். போர்ட் சயீத் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த லேத் பட்டறையில் பித்தளை வேலை புருஷனுடையது. முதுகுப் பட்டை, இடுப்புப் பட்டை, ரப்பர் எல்லாம் அவளுடையது. சண்டை முடிந்த மறுவருஷமான அந்த 1957-ல் வெளிநாட்டுச் சரக்கு துறைமுகத்துக்கு வருவதே அபூர்வம். எதிர்க்கடை கிரேக்கர் யன்னியிடம் கடைசியாக ஒரே ஒரு வெளிநாட்டு முக்குளிப்பு செட் இருந்தது. பத்து மணிக்குத் துறைமுக இன்ஜினியர் வஹ்பி வருகிறார். ஒரே ஒரு சோதனை. பயூமியின் சாமான் தேறினால் துறைமுகத்து முக்குளிப்பவர்கள் எல்லோரும் இனி அதைத்தான் மாட்டுவார்கள். தேறாவிட்டால் யன்னியின் செட்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு டிரம்முல முக்கிப் பார்த்தோம். எல்லாரும் பார்த்தாங்க. கச்சிதமா வேலை செஞ்சுது. நான்தான் அலமாரியில வெச்சுப் பூட்டினேன்," என்றார் பயூமி. "சாவி ரெண்டு. ஒண்ணு என் கழுத்துல. இன்னொண்ணு இவன்கிட்ட."

இவன் என்றது கடைசல்காரன் ஃபிக்ரியை. பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவன். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"உஸ்தா," என்று தன் மேஸ்திரியைக் கூப்பிட்டான். "நான் ராத்திரி இந்தப் பக்கமே வரல."

"யன்னி எவ்வளவு நேரம் உன்கூடப் பேசிட்டிருந்தான் நேத்து? போலீஸைக் கூப்பிடறேன் இரு."

"போலீஸ் அப்புறம் வரட்டும்," என்றாள் தௌஹீதா. "முதல்ல அதைக் கொடுங்க."

மூடியில் நாலு திருகு. ஒவ்வொன்றின் தலையிலும் பயூமி வைத்த சிவப்புப் பெயிண்ட் பொட்டு கீறல் இல்லாமல் இருந்தது. ஆக, யாரும் திறக்கவில்லை. அவளே திருகுகளைக் கழற்றினாள். உள்ளே, லாரி டியூபிலிருந்து அவள் வெட்டிக் கொடுத்த ரப்பர் வட்டு தண்ணீரில் ஊறிய அப்பளம்போல நெளிந்து கிடந்தது. நெளிந்த வட்டு கீழே இருந்த நெம்புகோலை அமுக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் காற்று நிற்கவில்லை.

வெட்டு இல்லை, கிழிசல் இல்லை. விரலால் தடவினாள். வழுக்கியது. முகர்ந்தாள். பெரிதாக வாடை எதுவும் இல்லை.

"மூடியில பன்னெண்டு ஓட்டை வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"கடல் தண்ணி ரப்பரைத் தொட. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தண்ணி போற வழியில மத்ததும் போகுமில்ல?"

ஏழு நாற்பது. தௌஹீதா ஃபிக்ரியை முக்காலியில் உட்கார வைத்தாள்.

"நேத்து ரெகுலேட்டரைத் தொட்டியா தம்பி?"

"தொட்டேன். நாலு மணிக்குக் குழாயை மாட்டினேன்."

"அப்புறம்?"

"லேத்துக்குப் போயிட்டேன். ஆறு வரைக்கும் பித்தளை கடைஞ்சேன்."

"கையில எண்ணெய்?"

"பித்தளைக்கு எதுக்கு மதினி எண்ணெய்? காஞ்சுதானே கடையுவோம்."

"லேத்துக்கு விடற எண்ணெய் இருக்கில்ல?" என்று பாய்ந்தார் பயூமி. "நேத்து டிரம்முல எண்ணெய் மிதக்குதுன்னு நீதானே சொன்ன! இவன் கை அழுக்குதான்!"

அது உண்மை. ஐந்து மணிக்கு அவள் டிரம்மைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் நிரப்பினாள். ஆறு மணிச் சோதனை முடிந்து ரெகுலேட்டரை வெளியே எடுத்தபோது, கோழிச் சாறில் மிதப்பதுபோலத் தண்ணீரில் வட்ட வட்டமாக எண்ணெய்க் கண்கள். சொன்னாள். சோதனை தேறிய குஷியில் யாரும் காதில் வாங்கவில்லை.

எட்டு மணி. யன்னி வெள்ளைக் கால்சட்டையோடு வாசலில் நின்றார்.

"என்னம்மா, என் செட்டைத் துடைச்சு வைக்கட்டுமா?"

"அவசரப்படாதீங்க கவாஜா," என்றாள் தௌஹீதா, வெளிநாட்டுக்காரரை அழைக்கிற முறையில். "நேத்து இதைக் கையில வாங்கிப் பார்த்தீங்களே, எப்போ?"

"நாலரைக்கு. கைக்குட்டையால பிடிச்சுத்தான் பார்த்தேன். உன் புருஷன் பட்டறையில எதைத் தொட்டாலும் கறை." கைக்குட்டையை உதறிக் காட்டினார். பித்தளைத் தூள்தான் மினுங்கியது. "நல்ல வேலைம்மா. வயிறு எரியுது. ஆனா கெடுக்கற அளவுக்கு எரியல."

எட்டு பத்து. முக்குளிக்கப்போகிற ஸக்லூலும் அவன் அண்ணன் ஹஸனைனும் வந்தார்கள். இரும்புத் தொப்பி போட்டு முக்குளிக்கிற தம்பிக்கு மேலே படகில் நின்று காற்று அனுப்பும் பம்பைச் சுற்றுகிறவர் ஹஸனைன்.

"அண்ணே, நேத்து நீங்க இதை வெச்சிருந்தீங்களா?"

"ஆமா மதினி. தம்பி தொழப் போயிட்டான். அஞ்சரைக்கு என் மடியிலதான் இருந்துச்சு. ஏன்?"

தௌஹீதா அடுப்படியிலிருந்து இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள்.

"ஃபிக்ரி, உன் லேத் எண்ணெயை ஒரு சொட்டு விடு."

விட்டான். சொட்டு பரவி, கிண்ணம் முழுக்க வானவில் நிறத்தில் ஆடை படர்ந்தது.

"நேத்து டிரம்முல நிறமே இல்ல. கண்ணு கண்ணா நின்னுது. அது சமையல் எண்ணெய். இப்போ நேரத்தைப் பாருங்க. அவரையை ஊறப்போட்டா உடனே ஊதிடுமா? ரப்பரும் அப்படித்தான், எண்ணெய் குடிச்சு ஊத ஒரு ராத்திரி ஆகும். எண்ணெய் ஆறு மணிக்கு முன்னாலயே உள்ள போயாச்சு. அதான் சோதனையில தேறுச்சு. பூட்டினது கெட்டுப்போன சாமானை. ராத்திரி எவனும் வரல, சாவிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பட்டறைக்கு எவன் சமையல் எண்ணெய் கொண்டுவருவான்?" என்றார் பயூமி.

"இன்னொருத்தன் சுவாசிக்கிற காத்துல வாடை வரக்கூடாதுன்னு பார்க்கிறவன். ஹஸனைன் அண்ணே, பம்புக்குள்ள இருக்கிற தோலுக்கு என்ன போடறீங்க?"

"ஆலிவ் எண்ணெய். மத்த எண்ணெய் போட்டா கீழ இருக்கிறவனுக்குக் குமட்டும்." சட்டைப் பையிலிருந்து நீள மூக்கு வைத்த சின்ன எண்ணெய்க் கேனை எடுத்தார். அவளே வாங்கி இரண்டாவது கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டாள். வட்டமாக ஒரு கண் நின்றது.

ஹஸனைன் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன்," என்றார் ஹஸனைன் மெதுவாக. "ஓட்டை வழியா பார்த்தேன், கறுப்பா காஞ்சு கிடந்துச்சு. முதல் நாளே தோலுக்கு எண்ணெய் காட்டாம என் தம்பியை ஒருநாளும் இறக்கினதில்ல. இதுவும் தோல் மாதிரின்னு... நான் கெடுத்தேனா?"

"கெடுத்தீங்க. தம்பி மேல இருந்த பாசத்துல கெடுத்தீங்க," என்றாள் தௌஹீதா. "இவர் அதுக்குள்ள பதினோரு வருஷ ஆளை போலீஸ்ல கொடுக்கப் பார்த்தாரு."

பயூமி தொண்டையைச் செருமினார். "ஃபிக்ரி. என் நாக்குல புத்தி இல்ல. மன்னிச்சுடுடா."

"ரப்பரை வெட்டச் சொல்லுங்க உஸ்தா. மணி எட்டரை."

தௌஹீதா புது வட்டு வெட்டினாள். ஒன்பதரைக்கு டிரம்மில் முக்கினார்கள். தேறியது. தண்ணீரில் எதுவும் மிதக்கவில்லை. மூடியின் விளிம்பில் ஃபிக்ரி எழுத்து உளியால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்: எண்ணெய் ஆகாது.

பத்து மணி. படித்துறையில் வஹ்பி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

பயூமி நடந்தது முழுவதையும் சொன்னார்.

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, உஸ்தா."

"கீழ போறவனுக்குத் தெரியணுமே ஐயா. எழுதாம விட்டது என் தப்பு. சாமான் மேல தப்பில்ல."

வஹ்பி ஸக்லூலைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் முதுகில் சிலிண்டரோடு இறங்கினான். மேலே பம்பும் இல்லை, குழாயும் இல்லை. ஐந்து நிமிஷம். பத்து. பதினெட்டு. யன்னி தன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்தார்.

இருபத்தாறாம் நிமிஷம். படித்துறை விளிம்பில் குந்தியிருந்த ஹஸனைன், சுற்றுவதற்குக் கைப்பிடி இல்லாத கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, குமிழி வரிசையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்:

"பத்தொன்பது வருஷமா அவனுக்கு நான்தான் மூச்சு கொடுத்தேன் உஸ்தா. இவ்வளவு சீரா ஒருநாளும் கொடுத்ததில்ல."