கை எடுத்த பிறகு

ருக்மணி விசைகளிலிருந்து கையை எடுத்த பிறகும் ஓர் எழுத்து விழுந்தது.

மனுவின் கடைசி வரிக்கு அப்பால், தேவையில்லாத இடத்தில், மை காயாமல் நின்றது அது. பழைய தட்டச்சுப் பொறி. எங்கோ சிக்கியிருந்த கம்பி தாமதமாக விழுந்திருக்கும் என்று நினைத்து, அழித்துவிட்டு, அடுத்த தாளைச் சொருகினாள்.

கோலாலம்பூரில் சுதந்திரக் கொடி ஏறிய வருஷத்தின் கடைசி மாதங்கள். காஜா பெராங் கடைத்தெருவில் சோலையப்பனின் டைப்பிங் கடைக்கு முன்னால் குடியுரிமை மனுவுக்காக விடிந்ததிலிருந்தே ஆட்கள் நின்றார்கள். கூட வேலை செய்த பொன்னுதுரை கோலாலம்பூருக்குப் போய்விட்டதால் எல்லாவற்றையும் ருக்மணி ஒருத்திதான் அடித்தாள். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. வீட்டில் துணி பிழிய முடியவில்லை. தங்கச்சி சந்திரமதிதான் தினமும் தைலம் தேய்த்துவிட்டாள். கை போய்விட்டால் வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. அதனால்தான், கரண்டில் ஓடும் புது மிஷினை வாங்கச் சொல்லி அவளே முதலாளியை நச்சரித்திருந்தாள்.

"லோரில ஏத்திட்டாங்களாம்" என்றார் சோலையப்பன், தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே. "விரலை அழுத்தவே வேணாமாம். தொட்டா போதும். வரி முடிஞ்சா தானாவே திரும்பிக்கும்."

"கை வலி போயிருமா முதலாளி?"

"ஏஜெண்டு அப்படித்தான் சொல்றான். இன்னொண்ணும் சொன்னான். யாரு அடிச்சாலும் எழுத்து ஒரே மாதிரிதான் விழுமாம். நீ அடிச்சதா, நான் அடிச்சதான்னு தாளைப் பார்த்தா தெரியாதாம்."

ருக்மணி சிரித்தாள். அன்று முழுக்க அந்த மிஷினையே நினைத்துக்கொண்டு அடித்தாள். அதன் நிறம் எப்படி இருக்கும், சத்தம் எப்படி இருக்கும், தொட்டால் போதும் என்பது உண்மையிலேயே எப்படி இருக்கும் என்று.

மறுநாள் மத்தியானம் மணி அடித்து வரி முடிந்தது. தாள் உருளையைத் தள்ள அவள் கையைத் தூக்கினாள். கை அதைத் தொடும் முன்னே, உருளை மெதுவாக, யாரோ பொறுமையாகத் தள்ளுவது போல, வலப்பக்கம் நகர்ந்து வரியின் தொடக்கத்தில் வந்து நின்றது.

பழைய மிஷினின் சுருள்வில் ஒரு பக்கம்தான் இழுக்கும். மறுபக்கம் போக ஒரு கை வேண்டும்.

சோலையப்பன் வந்து தட்டிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "நீயே தள்ளியிருப்பம்மா. அசதில ஞாபகம் இருக்காது" என்றார்.

அவள் தலையாட்டினாள். நாளைக்கு இந்தச் சனியன் மூலைக்குப் போய்விடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் புது மிஷின் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மழை வந்தது. பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம் லோரி சேற்றில் மாட்டிக்கொண்டதாகச் சாயங்காலம் ஆள் வந்து சொல்ல, சோலையப்பன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனுக்காரர்களும் கலைந்துவிட்டார்கள். வாசலின் பலகைக் கதவுகள் பாதி மாட்டப்பட்டிருந்தன. மீதி இடைவெளி வழியாக ஈரச் சாலையின் சாம்பல் வெளிச்சமும், சாக்கடை பொங்கும் வாடையும், நனைந்த மரத்தின் புளித்த மணமும் கடைக்குள் வந்து, மை நாடாவின் எண்ணெய் மணத்தோடு கலந்து, சுவரோரமெல்லாம் இருட்டாகத் தேங்கின. ருக்மணி ஒற்றை விளக்கின் கீழே மிச்சமிருந்த மனுவை அடித்து முடித்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பொறி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, எழுந்து, சுவரில் முதுகு முட்டும் வரை நகர்ந்தாள். விசைகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்து எழுந்தன. கண்டபடி அல்ல. சீரான வேகத்தில். வலது மோதிர விரல் வலிப்பதால் சில எழுத்துகளுக்கு முன்னால் அவள் ஒரு கணம் தயங்குவாள். அந்தத் தயக்கமும் இருந்தது. அதே இடத்தில். அவ்வளவே நேரம்.

காலியான நாற்காலிப் பக்கமிருந்து தைல வாடை வந்தது. காலையில் மழையில் நனைந்து வந்தபோது அவள் கையிலிருந்த தைலமெல்லாம் கழுவிப் போயிருந்தது.

வெளியே ஓடினாள். கடை வாசலின் ஐந்தடி நடைபாதையில் நின்று தூணைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் தெரிந்தது. கை வலிக்கவில்லை.

மணிக்கட்டை மடக்கினாள். முறுக்கினாள். வலி இல்லை. தூணின் சொரசொரப்பும் இல்லை. ஈரம் இல்லை. குளிர் இல்லை.

உள்ளே சத்தம் நிற்கவில்லை.

லோரி வந்தது. இரண்டு ஆட்கள் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து உள்ளே போனார்கள். பின்னால் சோலையப்பன். அவள் அவர் எதிரில் போய் நின்றாள்.

"முதலாளி, உள்ள போகாதீங்க."

அவர் குடையை மடக்கி உதறினார். தண்ணீர் அவள் முகத்துக்கு நேராகத் தெறித்தது. தெறித்தது, ஆனால் படவில்லை. அவர் உள்ளே போனார்.

"என்னம்மா ருக்மணி, இன்னுமா அடிச்சிக்கிட்டு இருக்க? மிஷின் வந்துருச்சு பாரு."

தட்டும் சத்தம் நின்றது.

"வந்துருச்சா முதலாளி?"

அவளுடைய குரல். காலையில் நனைந்து சளி பிடித்திருந்த அதே கரகரப்பு.

பெட்டியை உடைத்தார்கள். மேசை இழுபட்டது. வந்த ஆட்கள் லோரியில் ஏறிப் போனார்கள். கரண்டின் மெல்லிய முனகல் எழுந்தது. "தொட்டா போதும் முதலாளி" என்று அந்தக் குரல் சந்தோஷமாகச் சொன்னது.

"சாரல் உள்ள அடிக்குதே" என்று முனகியபடி சோலையப்பன் வாசலுக்கு வந்து மீதிப் பலகைகளை மாட்டத் தொடங்கினார். ருக்மணி கத்தினாள். பலகையைப் பிடித்தாள். அது அவள் விரல்களின் ஊடே தன் இடத்துக்கு நகர்ந்தது. இன்னொன்று. இன்னொன்று.

கடைசி இடைவெளி. விளக்கின் கீழே அவளுடைய நீலச் சேலை. அவளுடைய பின்னல். விசைகளின் மேல் பறக்கும் பத்து விரல்கள்.

தலை மட்டும் மெல்ல வாசல் பக்கம் திரும்பி, அவளை நேராகப் பார்த்தது. விரல்கள் நிற்கவில்லை.