முட்டை வரி

எங்கள் எருமப்பட்டிப் பள்ளியின் சுதந்திர தின நாடகத்தில் எனக்கு வெள்ளைக்காரத் துரை வேஷம். யாருமே அதை ஏற்கவில்லை. "சௌந்தர்யாதான் நல்லா அதட்டுவா" என்று எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். பவுடர் டப்பாவில் பாதி என் முகத்தில்தான் இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்க்கும் ஊர்த்தலைவன் வேஷம் கதிருக்கு. தைரியசாலிதான். ஆனால் ஒத்திகையில், "வரி தரமாட்டமுங்க!" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

"கொள்ளையடிக்க வந்தவனுக்கு என்னடா மரியாதை?" என்று நாடகம் சொல்லிக்கொடுத்த தமிழரசு சார் தலையில் அடித்துக்கொண்டார்.

நாடகம் தொடங்கியது. நான் ஒட்டுமீசையை முறுக்கிக்கொண்டு, "விளைஞ்சதுல பாதி கம்பெனிக்கு! எடு வரியை!" என்று கத்தினேன்.

கதிர் வாயே திறக்கவில்லை. முன்வரிசையில் அவன் அம்மா கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவனுக்கு வசனம் மறந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பின்னால் நின்ற குடியானவர்களோ, தலைவன் சொல்லட்டும் என்று சும்மா நின்றார்கள்.

இப்படியே திரை விழுந்தால் சுதந்திர தினத்தன்று கம்பெனி ஜெயித்துவிடும்! கதிரை வருடம் முழுக்கக் கிண்டல் செய்தே ஒருவழி பண்ணிவிடுவார்கள். பாவம், என் சிநேகிதன்.

எதைத் தொட்டால் இவனுக்குக் கோபம் வரும்? சட்டென்று தோன்றியது.

"நெல்லு மட்டுமில்ல! இனிமே மத்தியானச் சோத்துல வைக்கிற முட்டையும் கம்பெனிக்குத்தான்!"

கதிர் நிமிர்ந்தான். "என்னது, முட்டையா?"

"ஆமா. மஞ்சக்கருவும் சேர்த்து."

"அதெப்படிங்க? நாங்க வளர்க்கற கோழி! எங்க முட்டை! எங்க நெல்லு! எங்க ஊரு! ஒண்ணுந் தர முடியாதுங்க! உங்க ஊருக்குப் போங்க!"

"போங்க! போங்க!" என்று குடியானவர்கள் பாய்ந்தார்கள். கீழே உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளும் மேடையேறிவிட்டன. தொப்பி ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம் பறக்க, உயிர் தப்பினால் போதுமென்று ஓடினேன். கைதட்டல் கடைவீதி வரை கேட்டிருக்கும்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கதிர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தன் முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் தட்டில் வைத்தான்.

"என்னடா, வரியா?"

"வரின்னு கேட்டா ஒரு துணுக்குக்கூடக் கிடைக்காது. இது நானாத் தர்றது. தின்னு புள்ள."

தின்றேன். மஞ்சள்கரு அதிகமிருந்த பாதியைத்தான் வைத்திருந்தான்.