ஏழாம் அத்தியாயத்துப் பிணம்

செத்தவன் வந்து கதவைத் தட்டினான்... பட்டப்பகலில்!

திறந்த ஹஸ்மி இரண்டடி பின்வாங்கினான்.

"சிந்துஜன்... நீயாடா?"

"ஓம் மச்சான். உன்ர ஏழாம் அத்தியாயம்தான் வந்திருக்கு!"

'தூளை வென்றேன்' என்ற ஹஸ்மியின் புத்தகம் திருகோணமலையில் சக்கைப்போடு போட்டது. போதைத் தூளிலிருந்து மீண்டவனின் உண்மைக் கதையாம்! ஏழாம் அத்தியாயத்தை வாசித்து அழாதவர் இல்லை. கூடத் தூள் இழுத்த கூட்டாளி சிந்துஜன், உட்துறைமுகத்தில் ஹஸ்மியின் மடியிலேயே உயிரை விடுகிறான். உடலைக் கடல் கொண்டு போகிறது. அன்றோடு ஹஸ்மி திருந்துகிறான்.

அத்தனையும் புளுகு! மீன்பிடி போட்டில் போன சிந்துஜன் திரும்பி வரவில்லை. ஹஸ்மிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எல்லை தாண்டிப் பிடிபட்டு வெளிநாட்டுச் சிறையில மறியல் கிடந்தனான். விட்ட உடன லிங்கநகர் வீட்டுக்கு ஓடினன்... அம்மா இல்லை!"

"மச்சான்..."

"உன்ர புத்தகத்தை நம்பி, கன்னியா சுடுதண்ணிக் கிணத்தடியில எனக்கு அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடிச்சவ. பிறகு சோறு தண்ணி தொடேல்லையாம். போயிட்டா! நான் செத்திட்டன் எண்டு நீ சத்தியக் கடதாசி குடுத்தாய், பதிவுக் கந்தோர் ஆக்கள் மரணச் சான்றிதழ் குடுத்தாங்கள். இப்ப கந்தோர்ல போய் நான்தான் சிந்துஜன் எண்டால் சிரிக்கிறாங்கள்!"

சிந்துஜனின் அம்மா தங்கரத்தினத்தின் கையால் ஹஸ்மி எத்தனை நாள் தின்றிருப்பான்! அவர் அழுதுகொண்டு வந்து கேட்டபோது, 'பொய்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் புத்தகம் நாறிப்போகும் என்று வாயை மூடிக்கொண்டான், பாவி!

"சும்மா திருந்தின கதையை ஆரு வாசிக்கிற எண்டு குலசிங்கம் சேர் கேட்டாருடா... வாயில வந்ததை எழுதிட்டன்..."

"அந்தப் பதிப்பாளருக்கே இப்ப எடு. உண்மையைச் சொல்லு. அவர் ஊருக்குச் சொல்லட்டும். உன்னை விட்டுடுறன்."

சிந்துஜனின் இடுப்பிலிருந்து மீன் வெட்டும் கத்தி வெளியே வந்தது!

ஹஸ்மி குலசிங்கத்துக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சேர்! ஏழாம் அத்தியாயம் பொய்! சிந்துஜன் சாகல்ல! என்ர முன்னுக்கு நிக்கிறான்... கத்தியோட!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"ஐயோ தம்பி... திரும்பத் தொடங்கிட்டீங்களோ?"

"இல்ல சேர்! வல்லாஹி உண்மை!"

"தூள் ஏறினால் செத்த ஆக்களெல்லாம் வந்து நிப்பினம் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்? பேசாமல் படுங்கோ. ஒருத்தரிட்டயும் கதைக்காதேங்கோ... ரெண்டாம் பதிப்பு அச்சில கிடக்கு!"

டொக்!

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை சொன்னான். அதையும் எவனும் நம்பவில்லை!

சிந்துஜன் கதவைத் தாளிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"வேணாம் மச்சான்! பொலிஸ் உன்னைப் பிடிக்கும்டா! ஆயுளுக்கும் மறியல்தான்!"

"பிடிக்கட்டும் மச்சான்..." சிந்துஜன் சிரித்தான். "நான் உயிரோட இருக்கிறன் எண்டு பொலிசாவது எழுதித் தரட்டும்!"