மஞ்சள் நூல் கூடு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் என்னைப் 'பூச்சிக் கிராணி' என்பார்கள். அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை என் பிழைப்பு. வண்டும் வண்ணத்துப்பூச்சியும் சேர்ப்பது என் பைத்தியம். அந்தப் பைத்தியத்தை நம்பித்தான், ஒருநாள் விளக்கேற்றும் நேரத்தில், பின்வரிசை வீட்டு வேலாயுதம் வந்தான்.

பாவம் என்று அவனை எல்லோரும் நினைத்திருந்தோம். மனைவி மாரியாயி யாரோடோ கிள்ளானுக்கு ஓடிப்போய்விட்டாள் என்று அவனே அழுதுகொண்டு சொல்லியிருந்தான். என் வீட்டிலிருந்து அவனுக்குச் சோறுகூடப் போயிற்று.

துண்டை அவிழ்த்து, விரல் நீளக் கூடு ஒன்றை மேசையில் வைத்தான். ஈர மண் வாசனை அடித்தது.

"அம்பாங் காட்டுல விறகு வெட்டப் போனேங்க ஐயா. மரத்துல தொங்குச்சு. இது வெறும் பூச்சிதானே?"

"பூச்சிதாம்பா. உள்ள கூட்டுப்புழு இருக்கு. இந்த ஜாதிப் புழு, கிட்டக் கிடக்கிற சுள்ளி, சருகு எல்லாத்தையும் ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கும்."

பெருமையாகச் சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.

சுள்ளி இல்லை.

சருகும் இல்லை.

நீளமான கறுப்பு முடி. உடைந்த பச்சை வளையல் துண்டுகள். எல்லாவற்றையும் சுற்றி, மஞ்சள் பூசிய தாலிக்கயிற்றின் நூல். குழாயடியில் பச்சை வளையல் குலுங்கத் தண்ணீர் பிடிக்கும் மாரியாயியை எனக்குத் தெரியும்.

"இது எவ்வளவு தூரம் போகும் ஐயா?" என்று வேலாயுதம் மெல்லக் கேட்டான்.

"கூட்டுப்புழு ஆனப்புறம் நகராது. அதுலயும் பொம்பளைப் பூச்சின்னா, சாகுற வரைக்கும் கூட்டை விட்டே வராது."

அவன் மேசையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"அப்புறம் எப்படி ஐயா... அந்த மரத்தடியிலயே போட்டுட்டு வந்தாலும், விடிஞ்சா என் பாய்க்கு மேல வந்து தொங்குது?"



மேசைமேல் ஏதோ சுரண்டியது. கூட்டின் வாய் மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.

"மரத்தைக் காட்டுறேன், வாங்க," என்றான் வேலாயுதம். "அவ ஓடிப் போகல."

போலீசார் அந்த மரத்தடியைத் தோண்டி மாரியாயியை எடுத்தார்கள். அவனைக் கொண்டுபோனார்கள். கூட்டை நான் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாட்சிக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது திறந்தேன்.

பெட்டி காலியாக இருந்தது.

கூடு எங்கே போயிற்று என்ற கேள்வி என்னை விடவில்லை. சிறைக்குப் போய் அவனைப் பார்த்தேன். அவனுடைய நரைத்த தலையில் திட்டுத் திட்டாக முடி இல்லை.

"இங்க சிரைச்சாங்களா?"

"இல்லீங்க ஐயா. தூங்கி எழுந்தா காணோம்." அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மேல மட்டும் பார்க்காதீங்க."

பார்த்தேன்.

ஜன்னல் கம்பியில், மஞ்சள் நூல் கூட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு கூடு பாதி கட்டியபடி தொங்கியது. அது நரைமுடியால் ஆனது.